மடக்குக்கத்தி ஆட்டம் கொடுத்தால்

நீண்ட காலமாக என் கையில் புழங்குவது மூன்று மடக்குக்கத்திகள். ஒன்று ரிவெட் அடித்து, முதுகில் ஸ்பிரிங் வைத்த பழைய பாணி. இரண்டாவது திருகு போட்ட லைனர் லாக், அதாவது பிடியின் உள்தகடே பூட்டாகும் வகை. மூன்றாவது மரப்பிடியும் கழுத்தில் சுழலும் வளையமும் கொண்டது. மூன்றுமே வாங்கிய புதிதில் இருந்ததைவிட இப்போது ஆடுகின்றன, ஆனால் மூன்றுக்கும் ஒரே ஆட்டம் இல்லை. "பிளேடு லூஸ் ஆகிவிட்டது, என்ன செய்யலாம்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, எந்தப் பக்கம் லூஸ் என்றுதான்.

பார்ப்பது எளிது. கத்தியைத் திறந்து பூட்டி, பிடியை ஒரு கையில் இறுகப் பற்றுங்கள். மறு கையால் பிளேடின் தட்டைப் பகுதியைப் பிடித்து இடவலமாக அசையுங்கள். பிறகு பிளேடின் முதுகை மரக்கட்டைமேல் வைத்து மெல்ல அழுத்துங்கள். மடங்கும் பாதையில் விரல் இருக்கக் கூடாது. இடவலமாக அசைந்தால் கோளாறு பிளேடு சுழலும் அச்சில். மேலும் கீழுமாக 'டிக்' என்று தட்டினால் கோளாறு பூட்டில், அல்லது பிளேடு திறந்து வந்து முட்டி நிற்கும் ஸ்டாப் பின்னில். பூட்டைச் சோதிக்கிறேன் என்று முதுகை மேசையில் ஓங்கி அடிப்பவர்கள் உண்டு. அந்த அடியே பூட்டைத் தேய்க்கும்.

பக்கவாட்டு ஆட்டத்துக்குப் பதற வேண்டியதில்லை. அச்சில் பிளேடுக்கும் பிடிக்கும் நடுவே இருக்கும் 10 மி.மீ. அகல வாஷரில் 0.02 மி.மீ. இடைவெளி விழுந்தாலே 80 மி.மீ. தள்ளியிருக்கும் நுனி 0.16 மி.மீ. நகரும். நுனியில் தெரிவது அச்சில் இருப்பதைப்போல் எட்டு மடங்கு. திருகு போட்ட கத்தி என்றால் முதலில் பிடியை இணைக்கும் சின்னத் திருகுகளைப் பாருங்கள். அச்சில் ஆட்டம் என்று நினைத்தது பல நேரம் அங்கேதான் இருக்கும். அவற்றை இறுக்கிய பிறகும் ஆடினால் அச்சுத் திருகைத் துளித் துளியாகத் திருப்ப வேண்டும். பெரும்பாலும் அச்சுக்கு டி8, பிடிக்கு டி6 டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வடிவ) முனை பொருந்தும். மலிவான முனை திருகின் தலையை வழித்துவிடும், அதில் சிக்கனம் வேண்டாம். பூட்டை விடுவித்தால் பிளேடு தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும் என்று ஒரு மோகம் இருக்கிறது. எனக்கு அதில் ஈடுபாடில்லை. ஆடாமல் சற்றே இறுக்கமாக மூடும் கத்திதான் வேலைக்கு நல்லது.

இறுக்கிய திருகு மறுபடி மறுபடி கழன்றால் திருகின் புரியில் இடும் நீல நிறப் பசை (திரெட் லாக்கர்) போதும். எண்ணெயை முழுதாகத் துடைத்துவிட்டு, திருகின் நுனியில் மட்டும் ஒரு சொட்டு வைத்து, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். வழிந்து வாஷருக்குள் போனால் பிளேடே பிடித்துக்கொள்ளும். சிவப்புப் பசை வேண்டவே வேண்டாம். பின்னால் சூடு காட்டாமல் கழற்ற முடியாது. வாஷர்களில் பாஸ்பர் வெண்கலம் பழகப் பழக வழவழப்பாகும். டெப்லான் வகை மென்மையானது, அழுத்தத்தில் மெலிந்துபோகும். பேரிங் வைத்தவை சுகமாகத் திறக்கும், ஆனால் குண்டுகள் புள்ளி புள்ளியாக அழுத்துவதால் மிருதுவான டைட்டானியத் தகட்டில் பள்ளம் விழும். அதனால்தான் நல்ல தயாரிப்புகளில் குண்டுக்கு அடியில் கடினமான எஃகு வளையம் ஒன்று இருக்கும்.

மேல்கீழ் ஆட்டம் வேறு கதை. லைனர் லாக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கத்தி வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கர். உள்தகடு ஒன்று வளைந்து வந்து பிளேடின் அடிப்பகுதியைத் தாங்கும். அந்த முகப்பு சற்றே சரிவாக இருப்பதால், தேயத் தேயத் தகடு இன்னும் உள்ளே நகர்ந்து இடைவெளியைத் தானே ஈடுகட்டும். ஆகவே பல வருடம் எதுவும் தெரியாது. தகடு எதிர்ப்பக்கத்தைத் தொட்ட பிறகு நகர இடமில்லை. அப்போதுதான் 'டிக்' தொடங்கும். என்னுடையது அந்த நிலைக்கு வந்துவிட்டது. தகட்டை இன்னும் வளைத்துப் பயனில்லை. ஸ்டாப் பின்னைக் கழற்றிப் பார்த்தால், பிளேடு முட்டும் இடத்தில் சிறு பள்ளம். பின்னைச் சற்றுத் திருப்பிப் புது முகம் காட்டியதில் பாதி சரியானது. மீதிக்கு ஒரு நூலளவு கூடுதல் பருமனான பின் போட வேண்டும்: பிளேடு கொஞ்சம் முன்னதாகவே நிற்கும், தகடும் முன்னதாகவே அதைப் பிடித்துக்கொள்ளும். மணிக்கட்டைச் சொடுக்கி அடித்துத் திறக்கும் பழக்கம் இந்தப் பின்னுக்கு எமன். டைட்டானியப் பூட்டு பிளேடில் ஒட்டிக்கொண்டு விடுபட மறுத்தால், முகப்பில் பென்சில் கரியைத் தேய்த்தால் தற்காலிகமாக இளகும்.

ரிவெட் கத்திக்குத் திருகு கிடையாது, சுத்தியல்தான். முதலில் சோப்பு வெந்நீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் விட்டுப் பாருங்கள். அழுக்கு நிரம்பியிருந்தால் உண்மையான ஆட்டம் கழுவிய பிறகே தெரியும். பிறகு ரிவெட்டின் ஒரு முனையை எஃகுக் கட்டைமேல் தாங்க வைத்து, மறு முனையை உருண்டை முகச் சின்னச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றி மெல்லத் தட்ட வேண்டும். நாலைந்து தட்டுக்கு ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். அதிகம் இறுகினால் திரும்ப இளக்குவது பெரும்பாடு. விக்டோரினாக்ஸ் போன்ற சுவிஸ் கத்திகளில் ரிவெட் முனைகள் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருப்பதால் மூடியைக் கழற்றாமல் தட்டக் கூடாது. இந்த வகையில் பூட்டே இல்லை. லேசான ஆட்டத்தை நான் அப்படியே விட்டுவிடுகிறேன்.

வளையக் கத்தியின் மூலவடிவம் பிரான்சின் ஓப்பினெல். ஜோசப் ஓப்பினெல் 1890இல் செய்த கத்திக்கு, 1955இல்தான் மார்செல் ஓப்பினெல் பூட்டும் வளையத்தைச் சேர்த்தார். வளையத்தின் விளிம்பு சரிவானது என்பதால் தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் திருப்பினால் போதும். மரம் ஈரத்தில் உப்பி பிளேடைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் விட்டுக்கொடுக்கும். ஆகவே நனைந்த கத்தியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். உப்பி மாட்டிக்கொண்டால் பிடியின் பின்முனையைக் கட்டையில் ஒரு தட்டுத் தட்டினால் பிளேடு வெளியே எட்டிப் பார்க்கும். வளையமே தானாகச் சுழலும் அளவுக்குத் தளர்ந்தால், சர்க்ளிப் பிளையரால் (வளையங்களை விரிக்கும் குறடு) அகட்டிக் கழற்றி, கையால் லேசாக நெருக்கி மறுபடி மாட்டலாம். அது தெறித்துப் பறக்கக்கூடியது, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.