அணுகல்தன்மைத் தணிக்கை முடிவுகளைத் தேடித் தரும் கருவி: அதன் ஆவணத்தோடு சேர்த்து ஒரு மதிப்பீடு

ஒரு வலைப்பக்கத்தை அணுகல்தன்மைத் தணிக்கைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்ற சோதனைக்கு, உட்படுத்துவது இப்போது கடினமான வேலை அல்ல. ஆக்ஸ்-கோர், லைட்ஹவுஸ், எச்டிஎம்எல் கோட்ஸ்னிஃபர் போன்ற இலவசக் கருவிகள் சில நொடிகளில் முடிவைக் கொட்டிவிடுகின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்களின் முடிவுகள் மாதக்கணக்கில் குவிந்தபின், வேண்டியதை மட்டும் அவற்றிலிருந்து எடுப்பதுதான் பெரும்பாடு. அதற்கென்றே உருவான ஒரு திறமூலத் தேடல் கருவியை எங்கள் குழு பயன்படுத்தி வருகிறது. அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகள் இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்கும் பொருந்தும், சிறு குழு ஒன்றின் உழைப்பைப் பெயர்சொல்லிக் குத்துவதில் பயனும் இல்லை.

நிறுவுவதிலும் தரவை ஏற்றுவதிலும் சிக்கல் எதுவும் இல்லை. தேடல் சொற்றொடர்களை எழுதும் முறையை விளக்கும் பக்கங்களும் நன்றாகவே உள்ளன. ஆனாலும் கருவியோடு வரும் பயன்பாட்டு ஆவணத்தின் உண்மையான பெருமை விதிகளின் ஒப்பீட்டு அட்டவணைதான். மாற்று உரை (படத்தைப் பார்க்க இயலாதவருக்காக எழுதப்படும் விவரிப்பு) இல்லாத ஒரே படத்தை ஆக்ஸ்-கோர் ஒரு பெயரிலும் கோட்ஸ்னிஃபர் வேறொரு நீண்ட குறியீட்டிலும் பதிவு செய்ய, இந்தக் கருவி இரண்டையும் டபிள்யூசிஏஜி என்ற பன்னாட்டு இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலின் 1.1.1 என்ற நிபந்தனையின்கீழ் கொண்டுவருகிறது. எந்த விதி எந்த நிபந்தனைக்குப் போகிறது என்பதை அட்டவணை ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. பெயரில்லாத இணைப்பைக் கண்டறியும் விதி 2.4.4, 4.1.2 ஆகிய இரு நிபந்தனைகளுக்கும் உரியது என்பதால், நிபந்தனைவாரியாகக் கூட்டினால் ஒரே பிழை இரண்டு முறை எண்ணப்படும் என்று அங்கேயே எச்சரித்திருப்பது, இதை எழுதியவர் தணிக்கை அறிக்கைகளோடு உண்மையிலேயே மல்லுக்கட்டியவர் என்பதைக் காட்டுகிறது.

அத்தகைய கவனம் வெற்றுத் தேடல் முடிவுகளைப் பற்றிய விளக்கத்தில் இல்லை என்பதுதான் என் முதன்மையான குறை. ஆக்ஸ்-கோர் தன் முடிவுகளை மீறல்கள், தேர்ச்சிகள், முழுமையுறாதவை, பொருந்தாதவை என நான்காகப் பிரித்துத் தருகிறது. பின்னணிப் படத்தின்மேல் எழுத்து இருக்கும்போது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டைக் கணக்கிட இயலாமல், மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று அதை முழுமையுறாதவற்றில் சேர்த்துவிடும். நம் தேடல் கருவியோ, நாம் மாற்றாதவரை, மீறல்களை மட்டுமே தேடலுக்காக அட்டவணைப்படுத்துகிறது. ஆகவே 4.5:1 என்ற குறைந்தபட்ச நிற வேறுபாட்டைக் கோரும் 1.4.3 நிபந்தனையைத் தேடி ‘முடிவுகள் இல்லை’ என்ற விடை வந்தால், அந்தப் பக்கம் தேறியதா, சோதிக்க முடியாமல் விடப்பட்டதா, சோதனையே நடக்கவில்லையா என்பதைத் திரையை வைத்து அறிய வழியில்லை. ஆவணமும் இதை முதல் பக்கத்தில் சொல்லாமல், மேம்பட்ட அமைப்புகள் என்ற பகுதியின் அடியில் ஒரே வரியில் கடந்துபோகிறது. பிழை இல்லை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திடுபவர் அந்தப் பகுதிவரை படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

காலப்போக்கை ஒப்பிடும் வரைபடத்திலும் இதே இடைவெளி இருக்கிறது. 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 ஒன்பது புதிய நிபந்தனைகளைச் சேர்த்ததோடு, நிரல் கட்டமைப்பைப் பற்றிய 4.1.1 நிபந்தனையை நீக்கவும் செய்தது. பழைய முடிவுகளில் 4.1.1 மீறல்கள் நிறைந்திருக்க, புதியவற்றில் அவை இல்லாததால் வரைபடம் செங்குத்தாக இறங்குகிறது. தளத்தில் ஒரு வரி நிரலைக்கூட யாரும் திருத்தியிருக்க வேண்டியதில்லை! ஒவ்வொரு முடிவோடும் சோதனைக் கருவியின் பதிப்பு எண்ணும் சேமிக்கப்படுகிறது, அதைக்கொண்டு வடிகட்டவும் முடியும். ஏன் அப்படி வடிகட்ட வேண்டும் என்பதற்கு ஒரு பத்தி எழுதியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

அணுகல்தன்மைக்கான கருவி தானே அணுகத்தக்கதாக இருக்கிறதா என்றால், பெரும்பாலும் ஆம். தேடல் முடிந்ததும் முடிவுகளின் எண்ணிக்கை, விசைப்பலகைக் குவியம் (விசைப்பலகையால் இயக்குபவர் அப்போது இருக்கும் இடம்) மாறாமலேயே, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானில் ஒலிக்கிறது; 4.1.3 நிபந்தனை கேட்பதும் அதைத்தான். முடிவு அட்டவணையின் தலைப்புகளும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஒரு வடிகட்டியை நீக்கியவுடன் குவியம் பக்கத்தின் தொடக்கத்துக்கு ஓடிவிடுவதால், விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவர் ஒவ்வொரு முறையும் தாவல் விசையை அழுத்தியபடி திரும்பி வர வேண்டியிருக்கிறது. ஆவணத்தில் உள்ள திரைப்பிடிப்புகள் சிலவற்றுக்கு மாற்று உரையாகக் கோப்பின் பெயரே இருப்பது இன்னும் உறுத்தலாக இருக்கிறது. தானியங்கிச் சோதனை அவற்றைத் தேறியதாகவே காட்டும். மாற்று உரை இருக்கிறதா என்று பார்க்கும் விதி, அந்த உரைக்குப் பொருள் உண்டா என்று பார்ப்பதில்லை.

ஒரே ஒரு சிறிய தளத்தைப் பராமரிப்பவருக்கு இந்தக் கருவி தேவையில்லை. லைட்ஹவுஸ் அறிக்கையும் ஒரு விரிதாளும் அவருக்குப் போதும். பல தளங்களின் முடிவுகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய குழுக்கள் தயங்காமல் நிறுவலாம். ஆனால் தரவை ஏற்றும் முன்பே, முழுமையுறாதவற்றையும் அட்டவணைப்படுத்தும் அமைப்பை இயக்கிவிட வேண்டும். பிறகு மாற்றினால் பழைய கோப்புகள் அனைத்தையும் மீண்டும் ஏற்ற நேரிடும்.