குளிரில் கூரை திறந்து: மெர்சிடிஸ் எஸ்எல்கே

மெர்சிடிஸ்-பென்ஸ் 2004இல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறை எஸ்எல்கே காரைக் குளிர்காலத்தில் வாங்குவதே நல்லது. திறந்த கூரைக் கார்களைக் கேட்டு வருவோர் அப்போது குறைவு என்பதால், விலை பேச இடம் கிடைக்கிறது, பொறுமை விற்பவருக்குத்தான் தேவை. இதன் தனிச்சிறப்பு, இருக்கையின் தலைச்சாய்வு வழியே கழுத்தில் சூடான காற்றை வீசும் 'ஏர்ஸ்கார்ஃப்' வசதி. பக்கக் கண்ணாடிகளையும் ஏற்றிக்கொண்டால், கடுங்குளிரிலும் கூரையைத் திறந்து ஓட்டுவது தண்டனையாக இல்லாமல், சற்றே கிறுக்குத்தனமான இன்பமாக இருக்கிறது. இவ்வசதி கூடுதல் விலைக்கே தரப்பட்டதால், எல்லாக் கார்களிலும் இராது. சோதித்து வாங்க வேண்டும். மடியும் உலோகக் கூரை, மடித்தபின் டிக்கியின் இடத்தைத் தின்றுவிடுகிறது. கோடைக்கால டயர்கள் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழப்பதாலும், இஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கே செல்வதாலும், குளிர்கால டயர்கள் இன்றி இதை வெளியே எடுக்கலாகாது.