பழைய ராடைச் சிறுமீன் ராடாக மாற்ற: நுனியை வெட்டுவதா, அடியைக் கழற்றுவதா?

தூண்டில் ராடு உடைந்தால் பெரும்பாலும் நுனியில்தான் உடையும். கார் கதவில் மாட்டியிருக்கும், சிக்கிய முள்ளை எடுக்க ராடை வைத்தே இழுத்திருப்போம். கைப்பிடி, தூண்டில் நரம்பு சுற்றுகிற ரீலின் இருக்கை, அடித்தண்டு எல்லாம் நன்றாகவே இருக்கும், எறிய மனசு வராமல் மூலையில் சாய்த்து வைத்திருப்போம். அதைச் சிறுமீனுக்கு ஏற்ற மெல்லிய ராடாக்க நாலைந்து வழிகள் இருக்கின்றன. எல்லோரும் முதலில் கை வைக்கிற வழியைத்தான் நான் கடைசியில் வைப்பேன், ஏன் என்று சொல்கிறேன்.

சட்டிக்குள் முழுசாக அடங்கும் அளவு மீனுக்கு பான்ஃபிஷ் என்று பெயர். புளூகில், கிராப்பி, பெர்ச் மாதிரி மீன்கள். புளூகிலுக்கு வாய் ரொம்பச் சின்னது, அதனால் முள்ளும் இரையும் சின்னதாகத்தான் இருக்க வேண்டும், வீசுகிற எடை ஒன்று, இரண்டு கிராம்தான் வரும். கிராப்பிக்கு வாய்த்தோல் காகிதம் மாதிரி, ராடு விறைப்பாக இருந்தால் இழுத்த வேகத்தில் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். நரம்பு 2 முதல் 4 பவுண்டு தாங்குவது போதும், அவ்வளவு மெல்லிய நரம்புக்கு மீனின் திமிறலை நுனி வளைந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக நமக்கு வேண்டியது நுனியின் மென்மை ஒன்றுதான்.

இப்போது முதல் வழி: உடைந்த இடத்தை மட்டமாக வெட்டி, புது நுனிவளையம் ஒட்டுவது. பத்து நிமிட வேலை, அதனால்தான் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். உடைந்தது நுனியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்றால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. அதற்கு மேல் போனால் கணக்கு மாறிவிடும். கெட்டியான தண்டில் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும், அதாவது 2 மில்லிமீட்டர் நுனி போய் 3 மில்லிமீட்டர் இடம் நுனியாகிவிட்டால் அந்த இடம் ஐந்து மடங்கு விறைப்பு. உள்ளே பொள்ளலான குழாய்த் தண்டில் சுவரின் கனத்தைப் பொறுத்து மடங்கு மாறும், ஆனாலும் போக்கு அதேதான். ஒரு சாண் வெட்டிய ராடில் ஒரு கிராம் இரையை வீசிப் பாருங்கள், ராடு துளிகூட வளையாது, இரை காலடியிலேயே விழும். பெரிய மீனுக்கு அந்த ராடு பயன்படலாம், சிறுமீனுக்கு ஆகாது.

இரண்டாவது வழி இதைத் தலைகீழாகப் போட்டது, எனக்கு இதுதான் பிடித்தது. இரண்டு துண்டாகக் கழற்றுகிற ராடு இருந்தால், நுனித்துண்டு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். அடித்துண்டு உடைந்தோ, ரீல் இருக்கை ஆட்டம் கண்டோ கிடக்கிற ராடுதான் இதற்குச் சரியான ஆள். அடித்துண்டை ஒதுக்கிவிட்டு நுனித்துண்டை மட்டும் எடுத்து அதற்குப் புதுக் கைப்பிடி போடுவது. இரண்டு மீட்டர் ராடு என்றால் ஒரு மீட்டர் மிஞ்சும். பெரிய மீனுக்காகச் செய்த ராடாக இருந்தாலும் அதன் மேல்பாதி மெல்லியதுதானே, பலம் எல்லாம் கீழ்ப்பாதியில் இருந்தது, அது நமக்குத் தேவையில்லை.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பல ராடுகளில் நுனித்துண்டின் அடிவாய் பொள்ளலாக இருக்கும், அதை அப்படியே கைப்பிடிக்குள் ஒட்டினால் அழுத்தத்தில் பிளந்துவிடும். உள்ளே இறுக்கமாகப் போகிற மரக்குச்சியோ பழைய ஃபைபர்கிளாஸ் துண்டோ எபாக்ஸி (இரண்டைக் கலந்து பூசுகிற பசை) தடவிச் செருகிவிட்டு அப்புறம் கைப்பிடி போடுங்கள். ரீல் இருக்கையின் ஓட்டை தண்டைவிடப் பெரிதாக இருந்தால் மாஸ்க்கிங் டேப்பை வளையம் வளையமாகச் சுற்றி இடைவெளியை நிரப்பலாம், வளையங்களுக்கு நடுவே எபாக்ஸி இறங்க இடம் விடுங்கள். உடனடிப் பசை வேண்டாம், ஒரு அடி பட்டால் விட்டுவிடும். இன்னொன்று, ரீலுக்கு அருகில் இருந்த பெரிய கைடு, அதாவது நரம்பு ஓடுகிற வளையம், நீங்கள் ஒதுக்கிய துண்டோடு போயிருக்கும். ஸ்பின்னிங் ரீலில் நரம்பு பெரிய சுருளாகக் கழன்று வரும், அதைச் சுருக்கி உள்ளே விட அந்தப் பெரிய வளையம் வேண்டும். அதைப் பிரித்து எடுத்து நுனித்துண்டின் அடியில் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, வீசிப் பார்த்து, முன்னும் பின்னும் நகர்த்தி, நரம்பு சத்தமில்லாமல் ஓடுகிற இடம் கிடைத்த பிறகு நூல் சுற்றிக் கட்டுங்கள்.

மூன்றாவது, பழைய ஃபிளை ராடு, அதாவது எடையில்லாத பூச்சி மாதிரி இரையைக் கனமான நரம்பின் எடையாலேயே வீசுகிற ராடு, வைத்திருப்பவர்களுக்கு. 4, 5 எண் போட்ட ஃபிளை ராடு இயல்பிலேயே மென்மையானது, நீளம் எட்டு ஒன்பது அடி இருக்கும். 5 என்ற எண்ணுக்கு அர்த்தம், அதற்குரிய ஃபிளை நரம்பின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் எடை, அந்த எடையை வீசத்தான் அந்த ராடு செய்யப்பட்டது. எண் 8 என்றால் 13 கிராமைத் தாண்டும், அது வேண்டாம். மாற்றுகிற வேலை இரண்டு. ஃபிளை ராடில் ரீல் கைப்பிடிக்குக் கீழே கடைக்கோடியில் உட்காரும், ஸ்பின்னிங் ரீலுக்கு அது தோதுப்படாது, அதனால் கார்க் பிடியின் மேலேயே ரீலின் காலை வைத்து டேப்பால் இறுகச் சுற்றிவிடலாம். பார்க்க அரைகுறையாகத் தெரியும், ஆனால் எடை குறைவு, ரீலை முன்பின் நகர்த்தித் துலாம் பார்க்கலாம், நான் வேண்டுமென்றே அப்படியே வைத்திருக்கிறேன். அடுத்தது, பாம்பு மாதிரி வளைந்த அந்தச் சின்னக் கம்பி கைடுகளில் கீழே இருப்பவற்றைக் கழற்றிவிட்டு வட்டமான கைடுகளைப் பெரிதிலிருந்து சிறிதாகக் கட்ட வேண்டும். இல்லையென்றால் சுருள் அடைத்துக்கொண்டு இரை பாதி தூரம்கூடப் போகாது.

திறந்த கரையில் இரண்டாவது வழியைவிட இது தூரமாக வீசும், தக்கை போட்டு மீன் பிடிக்க அருமையாக இருக்கும், கிராப்பியின் வாயும் கிழியாது. புதரும் மரக்கிளையும் உள்ள இடத்தில் எட்டரை அடி ராடை வைத்துக்கொண்டு திரும்பக்கூட முடியாது, அங்கே ஒரு மீட்டர் ராடுதான் ஜெயிக்கும். என்னைக் கேட்டால் எங்கே நின்று பிடிக்கிறோம் என்பதுதான் இந்த இரண்டுக்கும் நடுவே முடிவு செய்யும்.

நான்காவது, வேறொரு ராடின் கெட்டி ஃபைபர்கிளாஸ் நுனியை உடைந்த வாய்க்குள் செருகி ஒட்டுவது. ஐந்தாறு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், உள்ளே போகும் முனையைச் சரிவாக இழைக்க வேண்டும், வெளிவாயைப் பிளக்காமல் நூலால் கட்ட வேண்டும். இவ்வளவும் செய்தாலும் அந்தச் சேர்மானத்தில் ராடு வளையாமல் ஒரு முட்டு மாதிரி நிற்கும், அடுத்த உடைப்பும் அதன் விளிம்பிலேயே வரும். நுனி நிறையப் போய்விட்டது, கையில் வேறு ராடும் இல்லை என்றால் மட்டும் செய்யுங்கள்.

ரீலே வேண்டாம் என்றால் இருப்பதிலேயே எளிய வழி ஒன்று உண்டு. இழுத்து நீட்டுகிற ராடின் கைடுகளை எல்லாம் கழற்றிவிட்டு, நுனியில் பின்னல் நூலால் ஒரு சின்னக் கண்ணி ஒட்டி, அதில் நரம்பை நேராகக் கட்டிவிடுவது. நரம்பின் நீளம் ராடின் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் மீன் நேராகக் கைக்கு வரும். முதல் முறை தூண்டில் பிடிக்கிற குழந்தைக்கு நான் தருவது இதைத்தான், ரீல் சிக்கலே கிடையாது. எட்டுகிற தூரம் மட்டும்தான் கிடைக்கும் என்பது குறை. கிராஃபைட் (கார்பன் நார்) ராடு மின்சாரம் கடத்தும், நீளக் கோலைத் தூக்கும்போது மேலே மின்கம்பி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் கை வைக்கும் முன் தண்டைச் சோதியுங்கள். பஞ்சை வைத்து மேலிருந்து கீழே தடவினால் நார் பெயர்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும், அங்கே விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். கைடு வளையத்துக்குள்ளும் அதே பஞ்சை விட்டு இழுங்கள், மாட்டினால் அது நரம்பை அறுக்கும். நுனிவளையம் கழற்ற உலோகக் குழலை மட்டும் லேசாகச் சூடாக்கி இழுத்தால் போதும், தண்டில் சூடு பட்டால் பிசின் கெட்டுப்போகும். பழைய நூலை அறுக்கும்போது கத்தி கைடின் பாதத்தின் மேல்தான் ஓட வேண்டும், கிராஃபைட்டில் ஒரு கீறல் விழுந்தால் பின்னால் அங்கேதான் முறியும். கிராஃபைட்டை இழைக்கும்போது ஈரமாக இழையுங்கள், முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. நூலுக்கு மேல் எபாக்ஸி பூசிய பிறகு அது இறுகும் வரை சில நிமிடத்துக்கு ஒரு முறை ராடை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுவிட்டால் ஒரு பக்கமாக வழிந்து துளியாக நிற்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சின்ன வழி சொல்கிறேன். ஒரு மெல்லிய பையில் 50 மில்லி தண்ணீர், அது 50 கிராம். ராடைப் படுக்கைவாட்டில் பிடித்து அதை நுனியில் தொங்கவிடுங்கள். வெட்டும் முன் ஒரு முறை, வேலை முடிந்து ஒரு முறை. நுனி எவ்வளவு இறங்குகிறது என்று சுவரில் பென்சிலால் குறித்து வைத்தால் போதும். நான் நுனித்துண்டில் செய்த ராடு ஒரு சாணுக்கு மேல் இறங்கியது, அதே மாதிரி ராடில் நுனி வெட்டி ஒட்டியது நாலு விரல்கூட இறங்கவில்லை.