வீட்டில் வெல்டிங் மெஷின்: கீஸர் பாயிண்டா, ஏ.சி. பாயிண்டா, தனி லைனா?

மெஷின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 200 ஆம்ப், வெல்டிங் ராடுக்குப் (எலக்ட்ரோடு) போகும் கரண்ட். சுவரிலிருந்து அது இழுக்கும் கரண்ட் வேறு. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில், பவர் ஃபேக்டர் திருத்தம் (சுவரிலிருந்து எடுக்கும் கரண்டைக் குறைக்கும் சர்க்யூட்) இல்லாத சாதாரண இன்வெர்ட்டர் மெஷின் 80 ஆம்பில் எரியும்போது சாக்கெட்டிலிருந்து சுமார் 14 ஆம்ப் எடுக்கும். 100-ல் 18, 160-ல் 30-ஐத் தாண்டும். 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்ப் போதும், 3.15 மி.மீ.க்கு 90 முதல் 130 வேண்டும். ஆகவே எந்த ராடு எரிக்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் பாயிண்டைத் தேர்வு செய்ய வேண்டும்.

6 ஆம்ப் சாக்கெட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கன்வர்ஷன் பிளக் போட்டு அதில் மாட்டினால் முதலில் உருகுவது அந்த பிளக்தான்.

கீஸர் பாயிண்ட் 16 ஆம்ப் என்பதால் போதும்போலத் தோன்றும். 2 கிலோவாட் கீஸர் எடுப்பது 9 ஆம்ப்கூட இல்லை. அந்தச் சாக்கெட்டும் பின்னால் உள்ள 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரும் முழு 16 ஆம்பை ஒருநாளும் சுமந்திருக்காது. அதோடு அது இருப்பது குளியலறையில். ஈரத்தரையில் வெல்டிங் கூடவே கூடாது, வெளியே கொண்டுவர நீளமான எக்ஸ்டென்ஷன் வேண்டும். 2 மி.மீ. ராடில் கேட் கொண்டிக்கு நாலு புள்ளி வைக்க வேண்டுமானால் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

இருப்பதில் உருப்படியானது ஏ.சி. பாயிண்ட். பெரும்பாலும் டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) தனி லைன், 4 ஸ்கொயர் வயர், 20 அல்லது 25 ஆம்ப் எம்சிபி (கரண்ட் மிகுந்தால் தானே விழும் ஸ்விட்ச்). இதை நம்பிவிடாமல் சோதியுங்கள். அந்த எம்சிபியை இறக்கினால் வேறு எது அணைகிறது என்று பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றி வயர் கனத்தைப் பாருங்கள். எம்சிபி 'சி' வகையாக இருக்கட்டும். 'பி' வகை என்றால் ஆன் செய்த கணமே மெஷினின் கெப்பாசிட்டர்கள் இழுக்கும் கரண்டில் விழுந்துவிடலாம். ஏ.சி.யின் ஸ்டெபிலைசர் வழியாக மட்டும் மாட்டாதீர்கள். 2.5 மி.மீ. ராடை 80 ஆம்பில், இடைவெளி விட்டு எரிக்க இந்தப் பாயிண்ட் தாங்கும்.

இங்கே பழுது வருவது பெரும்பாலும் பிளக்கில். திருகு லூசாக இருந்தால் பின் சூடாகி சாக்கெட் பழுப்பாகும். இழைகளுக்கு ஈயம் பூசித் திருகினால் ஈயம் நாளடைவில் அமுங்கி இணைப்பு தளரும். வயர் நுனியில் லக் (உலோக முனை) வைத்து அழுத்துங்கள். ஒரு ராடு எரித்ததும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அன்றைய வேலை அத்தோடு சரி.

எம்சிபி அடிக்கடி விழுகிறதே என்று 20-ஐக் கழற்றி 32 போடுவது நாம் பார்ப்பதிலேயே மோசமான வைத்தியம். எம்சிபி காப்பது வயரைத்தான். பெரிதாக்கிய பிறகு சுவருக்குள் இருக்கும் வயர் வெந்தாலும் அது விழாது.

3.15 மி.மீ. ராடு வழக்கமாக எரிப்பவருக்குத் தனி லைனே வழி: 6 ஸ்கொயர் காப்பர், 32 ஆம்ப் 'சி' எம்சிபி, 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிப்பது), நீல நிற 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். செலவு கூடுதல்தான். ஆனால் மாதம் ஒருமுறை மெஷினைத் தொடுபவருக்கு இது தேவையில்லை.

தூரம் எட்டவில்லையா? 20 மீட்டர் 1.5 ஸ்கொயர் எக்ஸ்டென்ஷனில் 18 ஆம்ப் போனால் 8 வோல்ட் குறையும், 150 வாட் வயரிலேயே சூடாகும். சுருட்டி வைத்திருந்தால் இன்சுலேஷன் இளகும். மெஷினை பாயிண்ட் அருகே வைத்து, 25 ஸ்கொயர் வெல்டிங் கேபிளை இருபக்கமும் 10 மீட்டர் நீட்டினால் 100 ஆம்பில் இழப்பு ஒன்றரை வோல்ட்கூட இல்லை.

எந்தப் பாயிண்டானாலும் மூன்றாவது பின்னில் எர்த் வந்தாக வேண்டும். மெஷினிலிருந்து வந்து இரும்பைக் கவ்வும் கிளாம்பைப் பேச்சுவழக்கில் 'எர்த் கிளாம்ப்' என்கிறோமே, அது வேறு. வெல்டிங் கரண்ட் திரும்பும் வழி அது. அந்தக் கிளாம்பை, வெல்டிங் செய்யும் இடத்துக்கு ஒட்டிப் பிடியுங்கள். கிளாம்ப் சரியாகப் பிடிக்காமல், வெல்டிங் செய்யும் இரும்பு வீட்டு எர்த்தோடு எங்காவது தொட்டிருந்தால், 80 ஆம்ப் மெல்லிய எர்த் வயர் வழியே திரும்பி அதை எரித்துவிடும். எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது.