மூன்றாவது தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்

நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு அஞ்சு மா நஞ்சை (மூணு மா ஒரு ஏக்கர்). அப்பா காலத்து நிலம். அதன் நடுவில் இப்போது ஒரு 230 கே.வி. உயர் அழுத்த மின்கம்பி டவர் நிற்கிறது. டவர் வந்ததே தப்பு என்று சொல்ல வரவில்லை. எங்கள் பம்புசெட்டும் கரண்டில்தான் ஓடுகிறது. நான் ஏமாந்த விதம் வேறு.

போன குறுவை, நட்டு இருபத்தைந்து நாள் இருக்கும். கான்ட்ராக்டர் ஆள் ஒருவர் பைக்கில் வந்தார். "அண்ணே, பயிர் நஷ்டக் கணக்குதான். இன்னிக்கே கையில காசு" என்றார். தாள் மூன்று. ஊரில் யாருக்குப் பத்திரம் வந்தாலும் என்னிடம்தான் படிக்கக் கொண்டுவருவார்கள், அந்த மிதப்பு எனக்கு. முதல் இரண்டைப் படித்தேன், சர்வே எண்ணும் பயிர் விவரமும் சரியாக இருந்தன. மூன்றாவதைத் திருப்பும்போது, "அது ஆபீஸ் காப்பிண்ணே, அதேதான்" என்றார். பொக்லைன் வரப்போரம் இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. போட்டுவிட்டேன். 22,000 ரூபாய். எந்தத் தாளுக்கும் நகல் வாங்கவில்லை.

நாலு மாதம் கழித்து, நிலத்துக்கான பணம் எப்போது என்று கேட்கப் போனபோதுதான் அந்தத் தாளைக் காட்டினார்கள். பயிர், மரம், நிலம் எல்லாவற்றுக்கும் முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று டைப் அடித்து, கீழே என் கையெழுத்து. அப்பா வைத்த ஆறு தென்னையும் அந்த 22,000-க்குள் போய்விட்டது.

பிறகுதான் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். முன்னாலேயே படித்திருக்க வேண்டியது. இந்த மாதிரி லைனுக்கு நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. பட்டா நம் பேரில், வரியும் நம் தலையில். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழியாக, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை லைன் போடுகிறவர்களுக்குக் கொடுக்க முடிகிறது. தந்திக் கம்பி போய்விட்டது, சட்டம் நம் வயலில் நிற்கிறது! நாம் மறித்தால் அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் உத்தரவு வாங்கலாம். ஆனால் சேதத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

2024 ஜூனில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலில், டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதம் என்று இருக்கிறது. முன்பு, 2015-இல் சொன்னது 85-ம், அதிகபட்சம் 15-ம். எங்கள் லைன் சேரும் 220 கே.வி. வகைக்குப் பாதை அகலம் 35 மீட்டர். என் வயலில் கம்பி போகும் நீளம் 80 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், ரெண்டு மாவுக்கு மேல் வருகிறது. அதில் இனி தென்னை வைக்க முடியாது, களத்துக்குக் கொட்டகை போட முடியாது. மத்திய வழிகாட்டுதலை மாநிலம் ஏற்றால்தான் அந்த விகிதம் கிடைக்கும் என்பது தனிக் கதை. ஆனாலும், கேட்கிற உரிமையையே கையெழுத்தில் கொடுத்துவிட்டேனே.

டெல்டா வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே, எப்படி டவர் வரும் என்று சித்தப்பா இன்னும் கேட்கிறார். 2020-இல் வந்த அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றை. மின்கம்பிப் பாதை அந்தப் பட்டியலில் இல்லை.

காசைவிட எனக்கு வாய்க்கால்தான் ஆற்றாமை. லாரி போக வாய்க்காலை மண் கொட்டி மேடாக்கினார்கள். வேலை முடிந்ததும் எடுப்போம் என்றார்கள். எடுக்கவில்லை. அடிமண்ணைத் தோண்டி மேலே போட்டதில் டவரைச் சுற்றிப் பசைக்களி, கான்கிரீட் கட்டி வேறு. ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் மேலண்டைக்காரர் சம்பா நாலு நாள் முழுகிக் கிடந்தது. அவர் என்னோடு பேசுவதில்லை. அறுவடை மிஷின் டிரைவர் டவர்காலைச் சுற்றித் திருப்ப வேண்டியிருக்கிறது என்று கூடுதல் மணிக்குக் காசு கேட்கிறார். ஈரமான ராத்திரியில் கம்பி உறுமுவது கொல்லை வரை கேட்கும்.

உங்கள் ஊருக்கு லைன் வருகிறது என்றால், ஆள் வருவதற்கு முன்னாலேயே வயலையும் வாய்க்காலையும் ஒவ்வொரு மரத்தையும் தேதியோடு படம் எடுத்துவையுங்கள். அடங்கலில், அதாவது வி.ஏ.ஓ. வைத்திருக்கும் பயிர்க் கணக்கில், பயிரும் மரமும் ஏறியிருக்கிறதா பாருங்கள். பயிர்ப் பணம் வாங்கும்போது "பயிருக்கு மட்டும்" என்று உங்கள் கையாலேயே எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். நகல் தராமல் பைக்கை எடுக்க விடாதீர்கள்.

நான் திங்கள்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து ரசீது வைத்திருக்கிறேன். வக்கீல் ஒருவரையும் பார்த்தாயிற்று. அந்தத் தாளை வைத்துக்கொண்டு கஷ்டம்தான், ஆனாலும் பார்ப்போம் என்கிறார்.

பக்கத்து ஊர் வயல்களில் போன வாரம் சிவப்புப் பெயிண்ட் அடித்த கல் நட்டிருக்கிறார்கள். அதே பைக்தான் வந்து போகிறதாம்.