லோடு ஏத்தி டூர் போக எந்த பேனியர்: ரோல்-டாப்பா, பாக்கெட் வச்ச கார்டுராவா, கேன்வாஸா?

மனாலியிலருந்து லே வரைக்கும் சைக்கிள்ல போறேன், எந்த பேனியர் (ராக்குல, அதாவது கேரியர்ல, ரெண்டு பக்கமும் தொங்கவிடற பை) வாங்கலாம்னு போன மாசம் மட்டும் மூணு பேர் கேட்டாங்க, மூணு பேருமே முதல்ல கேட்டது எத்தனை லிட்டர் வேணும்ங்கறதுதான். என்னைக் கேட்டா லிட்டரை கடைசியா பாருங்க. முதல்ல பையைத் திருப்பி அதோட முதுகைப் பாருங்க. மேல ரெண்டு கொக்கி, கீழ ஒரு கொக்கி, நடுவுல ஒரு பிளாஸ்டிக் பலகை, மொத்த வெயிட்டையும் தாங்கறது இந்த நாலும்தான்.

இதை நான் கத்துக்கிட்டது வால்பாறை ரோட்டுல. ஆழியாறுலருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது பத்து கிலோமீட்டர் வேகம்கூட இல்ல, பை ஆடாம அசையாம இருந்துச்சு, மறுநாள் இறங்கும்போது ஒரு குழியில பின் சக்கரம் விழுந்து எந்திரிச்சதும் இடது பக்க பை ராக்கை விட்டு எகிறிடுச்சு, ஒரு கொக்கியில மட்டும் தொங்கிக்கிட்டு பையோட அடிப்பக்கம் ஸ்போக்குல போய் உரசி கிழிஞ்சிடுச்சு. ஆன்லைன்ல மலிவா கிடைச்ச பை அது. மேல் கொக்கிக்கு பூட்டு நாக்கு கிடையாது, வெறுமனே ராக் குழாய் மேல உக்காந்திருக்கும், கீழ ஒரு எலாஸ்டிக் கயிறு இழுத்துப் பிடிக்கும், அந்த எலாஸ்டிக் தளர்ந்துட்டா பையை கீழ பிடிச்சு வைக்க வேற ஒண்ணுமே இல்ல. பொள்ளாச்சியில பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். விரலால தடவிப் பாத்துட்டு, "தம்பி, இது ரெக்சீனாட்ட இருக்குதுங்க, ஊசி எறக்குனா அத்தனையும் ஓட்டைங்க, தண்ணி உள்ள வருமுங்க, பரவால்லீங்களா?"ன்னு கேட்டாரு. "பரவால்லண்ணே, வீடு போய்ச் சேந்தா போதும்"னேன். தைச்சுக் குடுத்தாரு, அவர் சொன்ன மாதிரியே அடுத்த மழையில உள்ள இருந்த துணியெல்லாம் நனைஞ்சுது. ஆனா அவர் கேட்ட கேள்வி இருக்கே, பேனியர் ஒப்பீடு மொத்தமும் அதுக்குள்ள அடங்கிடும்.

ரோல்-டாப் வகையில எல்லாரும் சொல்ற பேரு ஆர்ட்லிப், ஜெர்மனிக்காரங்க, 1982ல ஆரம்பிச்ச கம்பெனி. அவங்களோட பேக்-ரோலர் கிளாசிக் ஒரு ஜோடி 40 லிட்டர், எடை 2 கிலோவுக்கு கொஞ்சம் கம்மி. பிவிசி பூசின பாலியெஸ்டர் துணி, ஜாயின்ட் எல்லாம் தைக்காம வெல்டு பண்ணினது, அதனால ஊசி ஓட்டை வழியா தண்ணி வர்ற பேச்சே இல்ல. வாயை மூணு நாலு சுத்து சுருட்டி கிளிப் போட்டா முடிஞ்சது. ஐபி64 ரேட்டிங் போட்டிருப்பாங்க, அதுல 6ன்னா தூசு உள்ள போகாது, 4ன்னா எந்தப் பக்கத்துலருந்து தண்ணி தெறிச்சாலும் தாங்கும்னு அர்த்தம், தண்ணிக்குள்ள முக்கி எடுக்கலாம்னு அர்த்தம் இல்ல. இந்த 6தான் லடாக் போறவங்களுக்கு முக்கியம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா அங்க மழையைவிட லாரி கிளப்பற மாவு மாதிரி புழுதிதான் ஜிப்புக்குள்ளயும் ஸ்டவ்வுக்குள்ளயும் புகுந்து உயிரை வாங்கும்.

கொக்கி விஷயத்துலயும் இவங்க நல்லா யோசிச்சிருக்காங்க. கைப்பிடியைத் தூக்கினா பூட்டு திறக்கும், விட்டா தானா மூடிக்கும், குழியில எகிறினாலும் பை கழண்டு வராது. கொக்கி 16 மில்லிமீட்டர் குழாய் வரைக்கும் பிடிக்கும், மெல்லிசு குழாய்க்கு 8, 10, 12ன்னு உள்ள சொருகற சின்ன பிளாஸ்டிக் துண்டு தர்றாங்க. தயவுசெஞ்சு அந்த துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அது இல்லாம 10 மில்லி குழாயில மாட்டினா ரோடு முழுக்க டக் டக்குனு ஆடும், அலுமினியம் ராக்கா இருந்தா சில நூறு கிலோமீட்டர்ல கொக்கி உக்கார்ற இடத்துல பளபளன்னு ஒரு பள்ளம் விழும், நகத்தை வச்சுத் தடவினா மாட்டும், அந்த பள்ளத்துலதான் ஒருநாள் ராக் முறியும். பழைய டியூபை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி குழாயில சுத்திட்டாலே பாதி பிரச்சனை தீந்துடும்.

இதோட குறை ரெண்டு. உள்ள ஒரே பெரிய அறைதான், அதனால டூல் வேணும்னா மொத்தத்தையும் ரோட்டுல கொட்டணும். ஈரத்துணியை உள்ள வச்சு சுருட்டினா ஈரம் வெளிய போக வழியே இல்ல, சாயங்காலம் திறந்தா நாத்தம் ஆளைத் தூக்கும். நான் கலர் கலரா துணிப்பை நாலு வச்சு உள்ள பிரிச்சுக்கறேன், ஈர சமாச்சாரம் எதுவா இருந்தாலும் வெளிய ராக் மேல கட்டிடுவேன்.

இதுக்கு நேர் எதிர் கனடாவோட ஆர்கெல் ஜிடி-54. ஜோடி 54 லிட்டர், 1000 டினியர் (நூலோட கனத்தைச் சொல்ற அளவு) கார்டுரா, அதாவது முரட்டு நைலான் துணி, உள்ள அலுமினியம் ஃபிரேம், வெளிய எண்ணி மாளாத பாக்கெட். வெயிட் ஜாஸ்தி, ஆனா பஞ்சர் கிட் எங்க, பிஸ்கட் எங்க, மாத்திரை எங்கன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். மூணு வாரம் தினம் டென்ட் போட்டு பிரிக்கிற டூர்ல இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு போனவங்களுக்குத்தான் தெரியும். இன்னொண்ணு, கார்டுரா கிழிஞ்சா எந்த ஊர்லயும் தைக்கலாம், பொள்ளாச்சி அண்ணனும் தைப்பாரு, லேல ஷூ தைக்கறவரும் தைப்பாரு. தைக்கறதால ஒண்ணும் கெட்டுப் போகாது, ஏன்னா அது முதல்லயே தைச்ச பைதான். அதே காரணத்தாலதான் மழைக்கு மேல உறை போட்டாகணும். லடாக்ல இமயமலை மழையை மறைச்சுடறதால அது பெரிய விஷயம் இல்ல. ஐப்பசி கார்த்திகையில ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறவங்களுக்கு பெரிய விஷயம், அந்த மழை பக்கவாட்டுல அடிக்கும், முன்னாடி போற பஸ் சக்கரம் கீழருந்தும் அடிக்கும், உறை எல்லாம் மேலருந்து வர்ற தண்ணிக்குத்தான்.

இங்கிலாந்தோட காராடிஸ் வேற உலகம். லங்காஷயர்ல நெல்சன்ங்கற ஊர்ல கையால தைக்கறாங்க, தைச்சவங்க லேபில்ல தன் கையெழுத்தைப் போடுவாங்க. மெழுகு ஏத்தின பருத்தி கேன்வாஸ், நனைஞ்சா நூல் உப்பி இடைவெளியை தானே அடைச்சுக்கும், உள்ள காத்தோட்டமும் இருக்கும், பல வருஷம் உழைக்கும். சூப்பர் சி பின்பக்க ஜோடியும் 54 லிட்டர்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச பை, ஆனாலும் சென்னையில இருக்கறவங்களுக்கு மனசாட்சியோட சிபாரிசு பண்ண மாட்டேன். ஈரத்தோட மடிச்சு பரண்ல போட்டீங்கன்னா நம்ம ஊர் காத்துக்கு ரெண்டே வாரத்துல பூஞ்சை பூத்துடும்.

20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்ல அலுமினியம் பட்டை கொக்கி போட்டு போறவங்களையும் பாத்திருக்கேன். தண்ணி போகாது, மூடியைக் கவுத்தா ஸ்டூலாச்சு, செலவு சில நூறு ரூபா. குதிகால் இடிக்கும், கீழ விழுந்தா படக்குனு உடையும், ஆனா காசு இல்லங்கறதுக்காக டூரையே தள்ளிப் போடறதுக்கு பக்கெட் ஆயிரம் மடங்கு மேல்.

இப்போ லிட்டர். ஆர்ட்லிப்லயே பேக்-ரோலர் ப்ரோன்னு ஒண்ணு இருக்கு, பின்னாடி ஜோடியே 70 லிட்டர், அதைப் பாத்ததும் இது ஒண்ணே போதுமேன்னு ஆசை வரும். நான் வேணாம்னு சொல்வேன். இடம் இருந்தா ரொப்பிடுவோம், ரொப்பினா வெயிட் பூரா பின் சக்கரத்துலதான், ஏற்றத்துல ஹேண்டில் லேசாகி தள்ளாடும், பின் சக்கரத்துல ஸ்போக் ஒண்ணொண்ணா போக ஆரம்பிக்கும். பின்னாடி 40, முன்னாடி 25, ஆக 65 லிட்டரை நாலு பையில பிரிச்சா வண்டி ரயில் மாதிரி நிக்கும். முன்னாடி தாழ்வா மாட்டற பைக்கு ஒரு ஆபத்து உண்டு, மனாலி-லே ரோட்டுல பனி உருகி வர்ற ஓடைங்க மதியத்துக்கு மேல ரோட்டு மேலயே ஏறி ஓடும், முன் பை நேரா அதுல இறங்கும். அங்கதான் வெல்டு ஜாயின்ட் ஜெயிக்குது. ஓடையை காலையிலயே தாண்டிடறது அதைவிட நல்லது.

பட்ஜெட் பத்தலன்னா பையில கொஞ்சம் குறைச்சுக்கோங்க, ராக்ல குறைக்காதீங்க. டூபஸ் கார்கோ மாதிரி குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) ஸ்டீல் ராக் 40 கிலோ தாங்கும், எங்கயாவது விட்டுப் போனாலும் ரோட்டோர வெல்டிங் பட்டறையில ஒட்டிக்கலாம். அலுமினியத்துக்கு அந்த வசதி எல்லா ஊர்லயும் கிடைக்காது.

அந்த மூணு பேருக்கும் நான் சொன்னது, பின்னாடி ரோல்-டாப் 40, முன்னாடி ரோல்-டாப் 25, டூலுக்கும் தீனிக்கும் ஹேண்டில்ல ஒரு பாக்கெட் வச்ச பை. லடாக் மட்டும்தான் போவேன், மழைக்காலத்துல வண்டியை எடுக்கவே மாட்டேன்னா ஆர்கெல் வாங்குங்க, வருத்தப்பட மாட்டீங்க. எதை வாங்கினாலும் கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒவ்வொரு பின் பையிலயும் எட்டு கிலோ அரிசியைப் போட்டு உங்க தெரு ஸ்பீடு பிரேக்கர்ல பத்து தடவை ஏறி இறங்குங்க. நீங்க போடப்போற அதே ஷூவோட. குதிகால் பையில இடிச்சா ஸ்க்ரூவைத் தளர்த்தி கொக்கியை பையோட முதுகுல இருக்கற ரெயில்லயே நகத்தி, பை மொத்தமும் பின்னாடி போற மாதிரி வச்சு இறுக்குங்க, கீழ் கொக்கியையும் ராக் குழாயைப் பிடிக்கற மாதிரி மாத்தி வைங்க, வச்சுட்டு இன்னும் பத்து தடவை.