ஆமைப் பெட்டிக்கு ஹீட்டர் வாங்கி ஏமாந்த கதை

ஆமை, ஓணான் வளர்க்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் "ஹீட்டர் செட்" விற்கும் ஆட்களிடம் பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். டிசம்பரில் நான் 4,850 ரூபாய் அனுப்பினேன். ரெண்டாம் நாள் ராத்திரி வீடு பற்றாமல் தப்பியது எங்கம்மா மூக்கு செய்த புண்ணியம்.

எங்களுக்கு ஊர் ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் பக்கம். வீட்டில் இருப்பது சல்கேட்டா, ஆப்பிரிக்க நில ஆமை. வெளிநாடு போன மதுரை நண்பன் கொடுத்துவிட்டுப் போனது. வெளிநாட்டு விலங்கு வளர்ப்பவர்கள் பதிய வேண்டிய மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்து என் பெயருக்கு மாற்றியும் ஆகிவிட்டது. இப்போதைக்குச் சோத்துத் தட்டு அளவுதான். (வளர்ந்தால் 40, 50 கிலோ போகும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.) கடலோரத்தில் ஆமை என்றாலே கடலாமைதான்; பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் இதைத் தண்ணி வாளிக்குள் போடப் பார்த்தான். அம்மாவோ, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா" என்று வந்த நாள் முதல் அதே பாட்டு. ஹாலில் வைக்கவே விடவில்லை. பெட்டி எங்கள் படுக்கையறைக்கு வந்தது.

கார்த்திகை மழை விட்டு வாடைக்காற்று அடிக்க ஆரம்பித்த நேரம். காலையில் ஆமை எழுந்திருக்காது. கண் பாதி மூடியிருக்கும், மூக்கில் சின்னதாக நுரைக் குமிழி. சப்பாத்திக்கள்ளித் துண்டு வைத்தால் பாய்ந்து வருவது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பயந்துபோய் ஒரு ஆளுக்கு மெசேஜ் போட்டேன். "சார், கடல் காத்து ஆகாது, 24 மணி நேரமும் 35 டிகிரி வேணும், இல்லைன்னா ஒரு வாரம்தான்" என்றார். ஆமை எந்த அறையில் இருக்கிறது, பெட்டிக்குள் இப்போது எத்தனை டிகிரி, ஒரு கேள்வி கிடையாது. அதே பேச்சில், "ஸ்டார் ஆமை ஜோடி இருக்கு, வேணுமா?" என்றும் கேட்டார். நட்சத்திர ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது. வைத்திருந்தாலே 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை, பணத்தை அனுப்பினேன்.

வந்தவை: வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் 100 வாட் செராமிக் பல்பு, ஒரு சிவப்பு பல்பு, "தெர்மோஸ்டாட்" என்று ஒரு பெட்டி, ஒட்டுகிற தெர்மாமீட்டர். செராமிக் பல்பு ஸ்குரு டைப். நம் வீட்டு ஹோல்டர் எல்லாம் பின் டைப். அதனால் நடுவில் மாட்ட ஒரு வெள்ளை பிளாஸ்டிக் அடாப்டரும் அவரே வைத்திருந்தார். என்ன கரிசனம் என்று நினைத்தேன். மேலே தெர்மாகோல் மீன்பெட்டி மூடியைப் போட்டால் சூடு நிற்கும் என்றும் சொல்லியிருந்தார். சோம்பேறித்தனத்தால் அதை மட்டும் செய்யவில்லை.

ரெண்டாம் நாள் ராத்திரி ரெண்டு மணி. அம்மா கதவைத் தட்டி, "என்னடா கருகுது?" என்றார். லைட்டைப் போட்டால், அந்த அடாப்டர் மெழுகுவர்த்தி மாதிரி இளகி வளைந்திருக்கிறது. பல்பு தலைகீழாய்த் தொங்கி தேங்காய் நார்த்தூளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தொட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, ஓரத்தில் கங்கு. ஆமை எதிர் மூலையில் தலையை மண்ணுக்குள் புதைத்துக் கிடந்தது. தெர்மோஸ்டாட்டில் 32 என்று காட்டியது. அம்மாவின் இன்சுலினுக்காக ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் தெர்மாமீட்டரை எடுத்து ஆமை கிடந்த மூலையில் வைத்துப் பார்த்தேன். 41.

மறுநாள் தங்கச்சி வீட்டுக்காரர் வந்தார், எலக்ட்ரீசியன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "மச்சான், சென்சார் ஒயரு எதுலயுமே சேரல. பசை வச்சு ஒட்டிருக்கான்யா. இது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, அவ்ளோதான்." அந்த 32 சும்மா எரிகிற எண். போட்டோ எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். "நீங்க தப்பா கனெக்ஷன் குடுத்திருக்கீங்க" என்று பதில் வந்தது. அடுத்த மெசேஜுக்கு ஒற்றை டிக்கோடு சரி. ப்ளாக்.

மதுரையில் ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி ஏசி போடுவீங்களா?"

போடுவோம். 22-ல். பெட்டி தரையில், குளிர் வந்து தேங்குகிற இடத்தில். ஊருக்கு வந்து அதே தெர்மாமீட்டரை ரெண்டு ராத்திரி வைத்துப் பார்த்தேன்: ஏசி அறைத் தரையில் விடியற்காலை 21, ஏசி இல்லாத ஹாலில் 26. மழை நாளில் தவிர நம் கடற்கரையில் இந்தக் குட்டிக்கு ஹீட்டரே தேவைப்பட்டிருக்காது. இந்த வயதில் ராத்திரி 26, 27 போதும், சளி பிடித்திருந்தால் 28 வரை வைக்கச் சொன்னார் மருத்துவர். ராத்திரி முழுக்க 35-ல் வைத்தால் உடம்பில் நீர் வற்றிவிடுமாம். சிவப்பு விளக்கு ஆமைக்குத் தெரியாது என்று விற்றவர் சொன்னதும் பொய். நன்றாகவே தெரியும், தூக்கம் கெடும்.

அம்மா தோற்றார். பெட்டி இப்போது ஹாலில். ஒரு மூலையில் கவிழ்த்த மண்சட்டி, அதற்குள் ஈர நார்த்தூள். அடைமழை ராத்திரிக்கு மட்டும் 60 வாட் செராமிக், கடையில் வாங்கிய பீங்கான் ஹோல்டரில், பல்பைச் சுற்றி கம்பிக் கூண்டு, விழாதபடி சங்கிலி. கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி உள்ளே வைக்கிறோம். தெர்மோஸ்டாட்டை இந்தத் தடவை கடையிலேயே சோதித்து வாங்கினேன்: சென்சாரை உள்ளங்கைக்குள் பொத்தினால் எண் ஏற வேண்டும், ஐஸ் தண்ணியில் விட்டால் இறங்க வேண்டும், வைத்த அளவைத் தாண்டும்போது உள்ளே "டிக்" என்று சத்தம் கேட்க வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.

பணத்தை யுபிஐயில் நேராக அனுப்பியதால் நானாகத் திரும்ப எடுக்க முடியவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன், புகார் எண் வந்திருக்கிறது. விற்றவர் வேறு பெயரில் அதே போட்டோக்களோடு நேற்றும் ஸ்டேட்டஸ் போட்டிருப்பதாக நண்பர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். செட் விலை இப்போது 5,200.